ஆவுளியாவும் யானையும் பங்காளிகள்

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. அவர் மகள் பதினொன்றாம் வகுப்பில் விலங்கியல் படிக்கிறாள். உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று ஏழு படிகளையும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறாளாம். "கடல் பசு பசு இல்லையாம், கடல் அட்டை அட்டை இல்லையாம், கடல் புல் புல்லே இல்லையாம். நாலு தலைமுறையாகக் கடலில் கிடக்கிறோம், நாங்கள் வைத்த பேரெல்லாம் தப்பா? இதையெல்லாம் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? முடிவு செய்த பேரையும் ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தார்.

தப்பே இல்லை தம்பி. நீங்கள் பேர் வைப்பது ஒரு காரியத்துக்கு, விலங்கியல்காரர்கள் வைப்பது வேறு காரியத்துக்கு. எந்த வலையில் ஏறும், எந்த மாதத்தில் வரும், முள் குத்துமா, ஏலத்தில் என்ன விலை போகும் என்பதெல்லாம் கரையில் வழங்கும் பேருக்குள்ளேயே இருக்கிறது. விலங்கியல் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: யாருக்கு யார் பங்காளி? நம் ஊரில் இரண்டு பேர் அச்சு அசலாக ஒரே முகமாக இருந்தாலும், அதற்காக ஒருவரை மற்றவர் வீட்டுச் சொத்துப் பாகத்தில் உட்கார வைக்க மாட்டோம். தாத்தா யார், பூட்டன் யார் என்று விசாரிப்போம். சாயல் வேறு, வழி வேறு. அறிவியல் வகைப்பாடு என்பது வழி விசாரிக்கிற வேலை.

ஆனால் இந்த வேலை தொடங்கியபோது அப்படி இல்லை. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் விலங்குகளுக்கு இரண்டு சொல் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்தினார். உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து வந்தவை என்ற எண்ணமே அவருக்குக் கிடையாது. ஒத்த உறுப்பு உள்ளவற்றைப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கினார், அவ்வளவுதான். நூறு ஆண்டு கழித்து, 1859இல் டார்வின் வந்து, பெட்டிக்குள் பெட்டி வருவதற்குக் காரணமே ஒரு வம்ச மரம் இருப்பதுதான் என்று காட்டிய பிறகு, பெட்டிகளை எல்லாம் பிரித்து மறுபடி அடுக்க வேண்டியதாயிற்று. அந்த அடுக்கல் இன்னும் முடியவில்லை. உங்கள் மகள் படிக்கும் பாடம் பாதி அடுக்கிய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆவுளியாவுக்கு வருவோம். 'கடல் பசு' என்பது புத்தகப் பேர். நம் கரையில் ஆவுளியாதான். கடல் புல் மேய்கிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது, அதனால் பசு. ஆனால் பால்மடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பசுவுக்குப் பின்னங்கால்களுக்கு நடுவில் இருக்கும். ஆவுளியாவுக்குத் துடுப்புக் கைகளின் இடுக்கில், நெஞ்சுப் பக்கம் இருக்கிறது. யானைக்கும் முன்னங்கால்களுக்கு நடுவில்தான். வளர்ந்த ஆண் ஆவுளியாவுக்குச் சின்னதாகத் தந்தம் முளைக்கும். அது யானைத் தந்தம் போலவே மேல் வெட்டுப்பல் நீண்டது, கோரைப்பல் இல்லை. எலும்போ கல்லு மாதிரிக் கனக்கும். தரையோடு தரையாக மேய வேண்டிய பிராணிக்கு அந்தக் கனம் தேவை, முத்துக் குளிக்கப் போனவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கிய மாதிரி. பிறகு மரபணுவைப் படிக்கக் கற்றுக்கொண்டபோது அதுவும் இதையே சொன்னது: இப்போது உயிரோடு இருப்பவற்றில் ஆவுளியா குடும்பத்துக்கு நெருங்கிய சொந்தம் யானையும், பாறை இடுக்குகளில் வாழும் ஹைராக்ஸ் என்ற முயல் அளவுப் பிராணியும்தான்.

யானையின் முன்னோரும் ஆவுளியாவின் முன்னோரும் ஆறு கோடி ஆண்டுகள் வாக்கில் பாகம் பிரிந்தவர்கள். சுமார் 5 கோடி ஆண்டுக்கு முந்தைய ஒரு எலும்புக்கூடு ஜமைக்காவில் கிடைத்து, அதற்கு 2001இல் பெஸோசைரன் என்று பேர் வைத்தார்கள். தலையும் விலாவும் கடல் பசுவுடையவை. ஆனால் உடம்பைத் தாங்கி நடக்கும் நாலு கால் இருக்கிறது. நீரில் மேய்ந்துவிட்டுக் கரையேறி நின்ற பிராணி. குஜராத்தில் கச்சுப் பகுதியிலும் பழைய கடல் பசுக்களின் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. தொண்டிக்கு வடக்கே, தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் ஆவுளியாவுக்கென்று காப்பகமாக அறிவித்தார்களே, அங்கே மேய்வது இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி.

இதில் வேடிக்கை என்னவென்றால், நிஜமான பசுவுக்குக் கடலில் ஒரு பங்காளி உண்டு. ஆனால் அது ஆவுளியா இல்லை, ஓங்கில், அதாவது டால்பின். பாம்பன் பாலத்துப் பக்கம் கூட்டமாகத் துள்ளிப் போகிறதே அந்த ஓங்கில்தான். அதன் முன்னோரான பாகிசீட்டஸ் 5 கோடி ஆண்டு வாக்கில் இன்றைய பாகிஸ்தான் பகுதியில் நாலு காலில் நடந்தது. ஓங்கிலும் திமிங்கிலமும் ஒரே கூட்டம். அந்தக் காலத்துத் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பு, ஆடு, மாடு, மான் ஆகிய குளம்புக்காரர்களுக்கு மட்டுமே உள்ள ஒரு தனி வடிவத்தில் இருக்கிறது. இன்று உயிரோடு இருப்பவற்றில் அவற்றுக்கு மிக நெருங்கியது நீர்யானை. ஆக, பசு என்று பேர் வாங்கியது யானை வீட்டுப் பிள்ளை. மீன் மாதிரி இருப்பது மாட்டு வீட்டுப் பிள்ளை. இரண்டும் தனித்தனியே கடலுக்குள் போய், தனித்தனியே காலை இழந்து, ஒரே மாதிரி வால் வாங்கிக்கொண்டன. தண்ணீருக்குள் வேகமாகப் போக வேண்டுமென்றால் உடம்புக்கு வேறு நல்ல வடிவம் அதிகம் இல்லை. ஆனால் பழைய நடை போகவில்லை. மீன் வாலைப் பக்கவாட்டில் அடிக்கும். இவை இரண்டும் மேலும் கீழுமாக அடிக்கும், நாய் பாய்ந்து ஓடும்போது முதுகு வளைகிற அதே திசையில்.

சாயல் ஏமாற்றும் என்பதை நான் கற்றது அவமானப்பட்டுத்தான். முதுகலைச் செய்முறைத் தேர்வில் தட்டில் ஒரு உழுவை மீனை வைத்து, "என்ன இது?" என்றார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். வால் பக்கம் பார்த்தால் சுறா. இரண்டு முதுகுத் துடுப்பு, சுறா வால். நான் கம்பீரமாக "சுறா" என்றேன். "புரட்டிப் போடுப்பா" என்றார். புரட்டினேன். செவுள் பிளவு ஐந்தும் வயிற்றுப் பக்கம், வாய்க்குப் பின்னால் வரிசையாக இருந்தன. சுறாவுக்கு அவை கழுத்துக்கு இருபுறமும் இருக்கும். வயிற்றுப் பக்கம் இருந்தால் திருக்கை. உழுவை திருக்கை வகை, வேளாவும் அப்படியே. வேளாவுக்கு அவ்வளவு பெரிய ரம்பக் கொம்பும் சுறா உடம்பும் இருந்தாலும் செவுள் அடியில்தான். அன்றைக்குப் போன மதிப்பெண் போனதுதான். ஆனால் நாற்பது வருடமாக எந்த மீனைப் பார்த்தாலும் முதலில் புரட்டிப் பார்க்கிற பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

'மீன்' என்ற சொல்லே இந்தக் கணக்கில் சிக்கல்தான். நெத்திலிக்குச் சுறா நெருங்கிய சொந்தமா, நாம் நெருங்கிய சொந்தமா என்று கேட்டால், பதில் நாம்தான். நெத்திலிக்கும் நமக்கும் எலும்புக்கூடு ஒரே பாட்டன் வழி வந்தது. சுறாவின் பாட்டன் அதற்கு முன்பே பிரிந்துவிட்டார், அதன் கூடு முழுக்கக் குருத்தெலும்பு. இன்னொரு சாட்சி உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். கூறல் மீன் வயிற்றிலிருந்து எடுத்துக் காயவைத்து நல்ல விலைக்கு விற்கும் நெட்டி இருக்கிறதே, அந்தக் காற்றுப்பையும் நம் நுரையீரலும் ஒரே பழைய உறுப்பிலிருந்து வந்தவை. சுறாவுக்கு நெட்டியே கிடையாது. ஈரலில் எண்ணெயைத் தேக்கி வைத்துக்கொண்டு மிதப்பைச் சமாளிக்கிறது.

உருவத்தை வைத்துத் தீர்க்க முடியாதபோது குஞ்சைப் பார் என்பது பழைய வழி. வத்தைப் படகைக் கரையேற்றிப் போட்டுக் கத்தியால் சுரண்டுவீர்களே, கொட்டலசு (பார்னக்கிள்), அதை லின்னேயஸ் சிப்பி, சங்கு கூட்டத்தில்தான் சேர்த்திருந்தார். ஓடு இருக்கிறது, அசையாமல் ஒட்டியிருக்கிறது, வேறென்ன? 1830இல் தாம்சன் என்பவர் கொட்டலசின் குஞ்சுகள் நீந்துவதையும் அவை கால் முளைத்த இறால் குஞ்சு மாதிரி இருப்பதையும் கண்டு சொன்னார். அது தலையைப் பசை போட்டுப் பலகையில் ஒட்டிக்கொண்டு, காலை வெளியே நீட்டிச் சாப்பாட்டை அள்ளுகிற இறால் வகை. டார்வின் எட்டு வருடம், 1846 முதல் 1854 வரை, கொட்டலசை வெட்டிப் பார்ப்பதிலேயே கழித்தார். அந்தப் பொறுமை அவருக்கு இல்லாதிருந்தால் அடுத்து எழுதியதில் பாதி கனம் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

இப்போது கடல் அட்டைக்கும், அதோடு சேர்த்துக் குருசடைத் தீவுக்கும் வருகிறேன். மண்டபத்துக்கு எதிரே இருக்கும் இந்தச் சின்னத் தீவை விலங்கியல் படித்தவர்கள் கோயில் மாதிரிப் பேசுவார்கள். காரணம் ஒரு புழு. பலனோகிளாசஸ் கூட்டத்தைச் சேர்ந்தது, டைகோடெரா ஃபிளேவா என்று முழுப்பேர். கடல் வற்றி இறங்கியிருக்கும் நேரத்தில் மணல் மேல் சுருள் சுருளாக எச்சம் தள்ளி வைத்திருக்கும். அதற்குக் கீழே மெல்லத் தோண்டினால் மஞ்சளும் வெளுப்புமாக ஒரு நீளப் புழு வரும், இழுத்தால் அறுந்துபோகும். கையில் எடுத்தால் மருத்துவமனையில் புண்ணுக்குப் போடும் ஐயோடோபார்ம் வாடை. எத்தனை தடவை கழுவினாலும் அன்று மத்தியானச் சாப்பாடு வரைக்கும் போகாது.

பார்வைக்கு இது மண்புழுவின் தம்பி. ஆனால் கழுத்துக்குக் கீழே செவுள் பிளவுகள் வரிசையாக இருக்கின்றன. செவுள் பிளவு முதுகெலும்பு வழிக்காரர்களின் சொத்து. தாய் வயிற்றில் நாம் கருவாக இருக்கும்போது நம் கழுத்திலும் அதற்கான மடிப்புகள் தோன்றிப் பிறகு நடுக்காதாகவும் டான்சிலாகவும் மாறிவிடுகின்றன. அதனால் ஒரு காலத்தில் இந்தப் புழுவை முதுகுநாண் (முதுகெலும்புக்கு முன்னோடியான தண்டு) உள்ளவற்றோடு சேர்த்தே வைத்திருந்தார்கள். பிறகு, அதற்கு முதுகுநாண் என்று நினைத்தது முதுகுநாண் இல்லை என்று தனித் தொகுதியாக, அரைநாணிகள் என்று பிரித்தார்கள். இதன் குஞ்சு ஒன்றை முதலில் கண்டவர் அதை நட்சத்திர மீன் குஞ்சு என்றே நினைத்துவிட்டார், அவ்வளவு ஒற்றுமை. மரபணுவும் குஞ்சின் பக்கமே சாட்சி சொல்லிவிட்டது. நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை ஆகியவைதான் இந்தப் புழுவின் நேர்ப் பங்காளிகள். 2015இல் இதே டைகோடெராவின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து வெளியிட்டார்கள். செவுள் பிளவை அமைக்கும் மரபணுக்கள் நமக்கு இருக்கும் அதே வரிசையில் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன.

அப்படியானால் கடல் அட்டை யாருக்குச் சொந்தம்? நிஜமான அட்டை மண்புழு வீட்டுப் பிள்ளை. கடல் அட்டை அந்த வீட்டுக்கு வெகு தூரம், நமக்குத்தான் கிட்டம். கரு வளரும்போது முதலில் விழும் துளை மலவாயாகவும் பிறகு விழுவது வாயாகவும் ஆவது அதற்கும் நமக்கும் பொது. இறாலும் கணவாயும் சங்கும் இந்தக் கூட்டத்தில் இல்லை. 2001இல் கடல் அட்டைகளை மொத்தமாக வனவிலங்குச் சட்டத்தில் சேர்த்துப் பிடிக்கக் கூடாது என்றார்கள், வேளாவையும் அதே ஆண்டில் சேர்த்தார்கள். அந்தத் தடை நம் கரையில் எத்தனை குடும்பங்களைப் படுத்தியது என்பது தனிக் கதை. ஆனால் படகில் இருப்பது எந்த இனம் என்று சொல்லத் தெரிவது ஏட்டுப் படிப்பு மட்டும் இல்லை, வழக்கு வரைக்கும் போகிற விஷயம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடல் புல் விஷயம் சுருக்கமானது. அது பாசி இல்லை, பூத்துக் காய்க்கும் செடி. தரையிலிருந்து கடலுக்குத் திரும்பிய கூட்டம், ஆவுளியா மாதிரியே. நெல், அருகம்புல் குடும்பம் இல்லை. அதைவிடச் சேம்புக்குக் கிட்டத்துச் சொந்தம்.

பாசிதான் சுவாரசியம். நம் பெண்கள் பாசி எடுக்கப் போனால் ஒரே சாக்கில் மரிக்கொழுந்தும் கஞ்சிப் பாசியும் கட்டக்கோரையும் கிடக்கும். மூன்றும் பாசி, ஆனால் விலை வேறு. அகர் கொடுக்கும் மரிக்கொழுந்தும் கஞ்சிப் பாசியும் சிவப்புப் பாசிகள், தரைச் செடிகளுக்கு உண்மையிலேயே தூரத்துப் பங்காளிகள். கட்டக்கோரை பழுப்புப் பாசி. அது செடி வம்சமே இல்லை. எப்போதோ ஒரு பழைய ஒற்றைச் செல் உயிர் ஒரு சிவப்புப் பாசிச் செல்லை விழுங்கி, செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டு, அதன் பச்சையத்தால் பிழைக்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்தது கட்டக்கோரை. தத்தெடுத்த பிள்ளையின் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. இலை மாதிரியும் தண்டு மாதிரியும் இருப்பதெல்லாம் தனியாக வளர்த்துக்கொண்டது. கரையில் இரண்டுக்கும் வேறு வேறு பேரும் வேறு வேறு விலையும் இருந்ததே, அது பேதம் தெரியாமல் வந்ததா என்ன?

அடுத்தது, பேரை ஏன் மாற்றுகிறார்கள் என்ற கேள்வி. பாக் நீரிணையில் பிடித்து நல்ல விலைக்கு ஏற்றுமதி செய்யும் நீலக்கால் நண்டையே எடுத்துக்கொள்வோம். ஆண் நீலமாகவும் பெண் பழுப்பாகவும் இருக்கும். நான் படித்த காலத்தில் செங்கடல் முதல் ஆஸ்திரேலியா வரைக்கும் இதற்கு ஒரே பேர், போர்ட்டூனஸ் பெலாஜிகஸ். இதில் பெலாஜிகஸ் என்ற பாதி லின்னேயஸ் 1758இல் வைத்தது. 2010இல் மூன்று ஆய்வாளர்கள், பல நாட்டு அருங்காட்சியகங்களில் இருந்த நண்டுகளை எல்லாம் எடுத்து, ஓட்டின் புள்ளிக் கோலம், ஆண் நண்டின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம், மரபணு மூன்றையும் ஒப்பிட்டு, இது ஒன்றல்ல நான்கு என்றார்கள். அரபிக் கடலும் பாரசீக வளைகுடாவும் ஒன்றுக்கு, ஆஸ்திரேலியா ஒன்றுக்கு, தென்கிழக்கு ஆசியா பழைய பெலாஜிகஸுக்கு. நம் வங்கக் கடல் பக்கத்து நண்டுக்கு ரெட்டிகுலாட்டஸ்.

அந்தப் பேரைப் புதிதாக யோசித்து வைக்கவில்லை. ஹெர்ப்ஸ்ட் என்பவர் 1799இலேயே வைத்து, பிறகு "இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்று எல்லாரும் ஒதுக்கிப் போட்ட பேர். விதி என்னவென்றால், ஒரு இனத்துக்கு முதலில் முறைப்படி வைத்த பேருக்கே முதல் மரியாதை. 211 வருடம் தூங்கினாலும் எழுந்து வந்து பரிவட்டம் கட்டிக்கொள்ளும். பேர் யாருக்குச் சொந்தம் என்று சண்டை வந்தால், அந்தப் பேரை வைத்தபோது எடுத்து வைத்த மாதிரி உடலைப் பார்த்துத் தீர்ப்பார்கள். நிலத் தகராறில் மூலப் பத்திரத்தைப் பார்ப்பது போல.

ஒரு நண்டு எப்படி நான்காகிறது? இதற்கு நம் பாக் நீரிணையே பாடம். சுமார் 20,000 ஆண்டுக்கு முன், உலகில் பனி உறைந்து கிடந்த காலத்தில், கடல் மட்டம் இப்போதைவிட 120 மீட்டர் வாக்கில் கீழே இருந்தது. பாக் நீரிணையின் ஆழமோ பத்துப் பதின்மூன்று மீட்டர். ஆக, நீங்கள் இறால் வலை இழுக்கும் இடம் அன்றைக்குக் காய்ந்த தரை. இலங்கைக்கு நடந்தே போகலாம். இந்தப் பக்கத்து நண்டு அந்தப் பக்கம் வர வேண்டுமானால் இலங்கையையே சுற்ற வேண்டும். இந்தோனேசியப் பக்கமும் இதே கதை, பெரிய நிலப்பரப்பு எழுந்து இரண்டு பெருங்கடலுக்கும் நடுவே கதவைச் சாத்தியது. இது ஒரு தடவை இல்லை, இருபது லட்சம் ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப நடந்தது. கொண்டு கொடுத்தல் நின்றுபோன இரண்டு கூட்டங்களில், அங்கங்கே நேரும் சின்னச் சின்ன மரபணு மாற்றங்கள் அந்தந்தக் கூட்டத்துக்குள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். அந்த இடத்துக்கு உதவுகிற மாற்றம் தங்கும், உதவாதது கழியும். கதவு திறந்து மறுபடி சந்திக்கும்போது சம்பந்தம் கூடாது என்றால், அவை இரண்டு சிற்றினம்.

கதவு சாத்தாமலும் பிரியலாம். காரல் மீனைப் பாருங்கள். கருவாட்டுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிற ஏழை மீன்தான், ஆனால் அதன் உணவுக்குழாயைச் சுற்றி ஒரு விளக்கு இருக்கிறது. ஒளிரும் பாக்டீரியாக்களை அதில் குடிவைத்து வளர்க்கிறது. பல இனங்களில் ஆணுக்கு விளக்கு பெரிது, ஒளி வெளியே தெரிய உடம்பில் கண்ணாடி போன்ற திட்டும் உண்டு. அந்தத் திட்டின் இடமும் வடிவமும் இனத்துக்கு இனம் மாறுகிறது. கலங்கல் தண்ணீரில் பெண் தன் இனத்து ஆணை அந்த மினுக்கை வைத்தே கண்டுகொள்கிறது என்று கருதுகிறார்கள். மினுக்கு முறை மாறினால் மாப்பிள்ளை மாறுகிறது, கொஞ்ச காலத்தில் வம்சமும் மாறுகிறது.

அப்புறம், 'எங்கள் பேரெல்லாம் தப்பா' என்ற ஆதங்கத்துக்கு ஒன்று. தூத்துக்குடிப் பக்கம் சீலா வேண்டும் என்றால் சென்னைக்காரர் வஞ்சிரம் என்கிற மீனை எடுத்துக் கொடுப்பார்கள். சென்னையில் ஷீலா என்றால் நம் ஊளி வரும். ஒரே பேர், வேறு மீன், வேறு விலை. லத்தீன் பேரின் பயன் இந்தக் குழப்பம் தீர்வதுதான். அது கரைப் பேரைவிட உயர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'கட்டக்கோரை' எத்தனை வருடமானாலும் கட்டக்கோரைதான். லத்தீன் பேர் எத்தனை தடவை மாறியிருக்கிறது என்று இப்போதுதான் பார்த்தோம்.

மகள் படிக்கும் ஏழு படியில் சிற்றினம் ஒன்றுக்குத்தான் கடலில் ஆதாரம் காட்ட முடியும், யார் யாரோடு சேர்ந்து குஞ்சு பொரிக்கிறது என்று. எந்தக் கிளையோடு குடும்பம் முடிந்து வரிசை தொடங்குகிறது என்பது ஆய்வாளர்கள் கூடிப் பேசி வைத்த கோடு. அதனால் படிகளைப் பற்றிக் கவலைப்படாமல் பங்காளி உறவைப் புரிந்துகொள்ளச் சொல்லுங்கள். தேர்வில் மட்டும் நீலக்கால் நண்டின் பேர் கேட்டால், பாடப்புத்தகத்தில் பழைய பேர் இருந்தால் போர்ட்டூனஸ் பெலாஜிகஸ் என்றே எழுதட்டும். ரெட்டிகுலாட்டஸ் என்று எழுதினால் விடைத்தாள் திருத்துகிறவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்.